பௌட்லரின் வினை

ஆங்கிலத்தில் 'பௌட்லரைஸ்' என்றொரு வினைச்சொல் உண்டு. ஒழுக்கக் கேடானவை எனத் தாம் கருதும் பகுதிகளைப் பிறர் நூலிலிருந்து வெட்டிச் சிதைத்துப் பதிப்பித்தலை அது குறிக்கும். மருத்துவம் கற்ற தாமஸ் பௌட்லர் (1754–1825) என்பாரின் பெயரினின்று பிறந்த சொல் அது. நாடாளுமன்ற உறுப்பினர் பெரோனெட் தாம்சன் 1836இல் எழுதிய கடிதமொன்றில் அதனை ஆண்டுள்ளார்.

1818இல் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் பத்துத் தொகுதிகளாகக் 'குடும்ப ஷேக்ஸ்பியர்' என வெளியிட்டவர் பௌட்லர். தம் தந்தையார் மாலை வேளைகளில் நாடகங்களைப் படித்துக்காட்டுங்கால், கூசத்தக்க சொற்களைக் குழந்தைகள் அறியாவண்ணம் விட்டுப் படித்த திறமே அவருக்கு முன்மாதிரி. புதிதாய் எதையும் சேர்க்கவில்லை, குடும்பத்தார் நடுவே உரக்கப் படிக்கத் தகாதவற்றையே நீக்கினோம் என்று முகப்பிலேயே உறுதி கூறினார். ஆயினும் 'கடவுளே' என வந்த இடங்களில் 'வானமே' என மாற்ற அவர் கை தயங்கவில்லை. 'ஒதெல்லோ'விடம் மட்டும் கத்தரி தோற்றது. ஐயமும் பொறாமையுமே உயிராகிய அந்நாடகத்தில் இழிசொல்லை நீக்கினால் இயாகோவின் நஞ்சும் நீங்கிவிடுமன்றோ! குடும்பத்திற்கு ஏற்றதாக அதனை ஆக்க இயலவில்லையென ஒப்புக்கொண்டு, கூடத்திலிருந்து தனியறைக்கு மாற்றிவிடுமாறு அவரே அறிவுறுத்தினார். அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

நம் இலக்கணம் கூறும் இடக்கரடக்கல் வேறு. அங்கே சொல்லை அடக்குவது பாடுவோனின் பொறுப்பு. இங்கே பாடியவன் மறைந்து ஏறத்தாழ இருநூறாண்டு கழிந்தபின் பிறன் கை அடக்குகிறது. எனினும் கவிஞர் ஸ்வின்பர்ன், குழந்தைகள் கையில் ஷேக்ஸ்பியரைக் கொடுக்க வழிசெய்தவர் என 1894இல் பௌட்லரைப் போற்றினார். 1866இல் ஸ்வின்பர்னின் கவிதைத் தொகுதியே ஆபாசமெனத் தூற்றப்பட்டு, பதிப்பாளரால் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது என்பது வியப்பு.

உண்மையில் முதற்கத்தரி தாமஸினுடையதன்று. 1807இல் பாத் நகரில் இருபது நாடகங்களுடன், பதிப்பாசிரியர் பெயரின்றி வந்த முதற்பதிப்பு அவருடைய தமக்கை ஹென்ரியட்டா மரியாவின் உழைப்பு. இழிசொல்லை நீக்க முதலில் அதன் பொருள் விளங்கவேண்டும். விளங்கிற்று என ஒரு பெண் வெளிப்படையாக ஒப்புதல் அக்காலத்தில் இழுக்கு. ஆகவே நூலினின்று முதலில் வெட்டுண்டது அவர் பெயரே. மறுபதிப்பில் தம்பியின் பெயர் ஏறியது. ஹென்ரியட்டா 1830இல் மறைந்தார். மணம் புரியாமையால் அவரும் இறுதிவரை பௌட்லரே. எனினும் அவ்வினைச்சொல்லை ஆண்டோர் நினைத்தது தம்பியைத்தான்.