ந.முத்துசாமி: கூத்தின் முன் மாணவராக அமர்ந்த எழுத்தாளர்

ஒவ்வொரு சித்திரையிலும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கூவாகம் கிராமம் செய்தித்தாள்களில் இடம்பெறுகிறது. திருநங்கையர் கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் அதை அறுத்து வெள்ளை உடுத்தி அழுவதும் படங்களாக வெளியாகின்றன. பாரதப் போருக்குமுன் பலியாக ஒப்புக்கொண்ட அரவானுக்காக, கண்ணன் மோகினி வடிவெடுத்து ஓரிரவு மனைவியான கதையின் நிகழ்த்துதல் அது. இதே வட்டாரத்தின் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாகப் பதினெட்டு நாட்கள் வரை திருவிழா நடக்கும். கடைசி நாளில், மண்ணால் செய்து தரையில் கிடத்தப்பட்ட துரியோதனனின் பேருருவத்தின்மீது படுகளம் நிகழும். தொடை பிளக்கப்பட்டதும் திரௌபதி கூந்தலை முடிவாள். கூடி நிற்கும் ஊர் அப்போது பார்வையாளராக மட்டும் இருப்பதில்லை. அதுவும் போர்க்களத்துக்குள் நிற்கிறது.

இதைப் பக்தி என்று வணங்கியவர்கள் உண்டு. பாமரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய படித்தவர்களும் உண்டு. இது உலகத் தரமான நாடகம், நவீனத் தமிழ் நாடகம் தன் இலக்கணத்தை இங்கிருந்துதான் கற்க வேண்டும் என்று சொன்னவர்கள் மிகச் சிலர். அவர்களில் முதன்மையானவர், சிறுகதையாசிரியரும் நாடகாசிரியருமான ந.முத்துசாமி (1936–2018). இன்று அவர் பெயரைச் சொன்னால், அவரிடம் பயின்று திரைக்குச் சென்ற நடிகர்களின் பட்டியலே பலர் நினைவுக்கு வருகிறது. அவர் எழுதியவை அந்தப் பட்டியலின் நிழலில் மறைந்துகிடக்கின்றன.

புஞ்சை என்னும் ஊர்

அன்றைய தஞ்சை மாவட்டத்தின் புஞ்சை கிராமத்தில் 1936 மே 24 அன்று பிறந்தவர் முத்துசாமி. தேவாரத்தில் திருநனிபள்ளி என்று பாடப்பெற்ற தலம் அது. அங்குள்ள இறைவனின் பெயர் நற்றுணையப்பர். பிற்காலத்தில் ஒரு நாடகத்துக்கு ‘நற்றுணையப்பன்’ என்று அவர் பெயரிட்டதிலிருந்தே, சென்னைக்குக் குடிபெயர்ந்த பின்னும் ஊர் அவரை விடவில்லை என்பது புரியும்.

சி.சு.செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழின் வழியே நவீன இலக்கியத்துக்குள் நுழைந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். முதலில் அறியப்பட்டது சிறுகதையாசிரியராகத்தான். அவருடைய ‘நீர்மை’ தமிழின் சிறந்த சிறுகதைகளுள் ஒன்றாகத் தொடர்ந்து எண்ணப்பட்டு வருகிறது. சிறு வயதிலேயே கைம்பெண்ணான ஒருத்தி, முதுமை வரையிலும் குளத்து நீரோடு கொண்ட உறவைச் சொல்லும் கதை அது. அவளுடைய துயரத்தை ஆசிரியர் எங்கும் விளக்குவதில்லை. அவள் எப்படி நடந்தாள், நீரில் எப்படி இருந்தாள், ஊர் அவளை எப்படிப் பார்த்தது என்பவற்றை மட்டுமே சொல்கிறார். உடலின் அசைவிலிருந்து மனத்தை அறியும் அந்தப் பார்வை, உண்மையில் ஒரு நாடகாசிரியரின் பார்வை. அவர் பின்னர் நாடகத்துக்குத் தாவியதாகச் சொல்வது வழக்கம். கதைகளைப் படிப்பவர்களுக்கோ, அவர் தொடக்கம் முதலே அங்குதான் நின்றிருந்தார் என்று தோன்றும்.

காலம் காலமாக

அவருடைய முதல் நாடகம் ‘காலம் காலமாக’ 1968இல் எழுதப்பட்டது. கல்வராயன் மலைக்கு மேற்கே உள்ள சேலத்திலிருந்து அக்காலத்தில் வெளிவந்த ‘நடை’ என்ற சிற்றிதழ் அவருடைய தொடக்ககால நாடகங்களுக்கு இடமளித்தது. தமிழ் நவீன நாடகத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அன்றைய மேடை நிலவரத்தை நினைத்துப் பார்த்தால் இதன் புதுமை விளங்கும். சங்கரதாஸ் சுவாமிகளின் இசை நாடக மரபு தளர்ந்திருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி வளர்த்த உரைநடை நாடகம், காலப்போக்கில் சபாக்களின் வரவேற்பறை நகைச்சுவையாகச் சுருங்கியிருந்தது. திராவிட இயக்க நாடகங்கள் வீரியமான வசனத்தைத் திரைப்படத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தன. எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது ஒன்று: நாடகம் என்றால் வசனம். நடிகரின் உடல் அந்த வசனத்தைத் தாங்கி நிற்கும் கம்பம்.

முத்துசாமியின் நாடகங்களில் இந்தக் கம்பம் அசையத் தொடங்கியது. ‘அப்பாவும் பிள்ளையும்’, ‘நாற்காலிக்காரர்’, ‘சுவரொட்டிகள்’, ‘உந்திச்சுழி’ ஆகியவற்றில் கோவையான கதை இல்லை. பாத்திரங்கள் பேசுகிறார்கள், பேச்சு எதையும் தீர்ப்பதில்லை. ‘நாற்காலிக்காரர்’ என்னும் தலைப்பே, அமர்ந்திருப்பவரைவிட அவர் அமர்ந்திருக்கும் இருக்கை பெரிதாகிவிட்ட அரசியலை நினைவூட்டுகிறது. ‘சுவரொட்டிகள்’, நம் பொதுவாழ்வைச் சுவரில் ஒட்டிய தாள் எப்படி ஆள்கிறது என்று கேட்கத் தூண்டுகிறது. இவற்றை ‘அபத்த நாடகம்’ என்று வகைப்படுத்தி, மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள். அந்தக் குற்றச்சாட்டுக்கான பதில், எழுபதுகளின் நடுவில் அவர் கண்ட ஒரு கூத்திலிருந்து கிடைத்தது.

தம்பிரானின் மேடை

புரிசை நடேசத் தம்பிரானின் ‘கர்ண மோட்சம்’ கூத்தைப் பார்த்தது அவர் வாழ்வின் திருப்பம். காவிரிப் படுகையில் பிறந்த அவருக்குத் தொண்டை மண்டலத்தின் இந்தக் கலை புதிதாகத் தெரிந்தது. தான் மேடையில் தேடிக்கொண்டிருந்தவை அங்கே பல தலைமுறைகளாகப் புழக்கத்தில் இருந்தன.

இருவர் பிடித்து நிற்கும் ஒரு திரை. அதன் பின்னிருந்து பாடியபடி வெளிப்படும் பாத்திரம். மரத்தில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் ஏறியவுடன் மனிதரளவைக் கடந்துவிடும் உடல். முகவீணையும் மிருதங்கமும் தாளமும் இழுத்துச்செல்லும் அடவுகளும் கிறுகிறுவென்ற சுழற்சிகளும். காலத்தின் வேலியைத் தாண்டி, துரியோதனன் சபையில் நின்றுகொண்டே உள்ளூர் விலைவாசியைப் பேசும் கட்டியக்காரன். இயல்புவாத மேடையின் கட்டுகளை உடைக்க ஐரோப்பிய நாடகக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டில் பெரும்பாடுபட்டார்கள். கட்டியக்காரனுக்கு அந்தக் கட்டுகள் இருந்ததே தெரியாது.

இந்த வியப்பை முத்துசாமி கட்டுரைகளாக எழுதினார். ‘அன்று பூட்டிய வண்டி’ என்ற நூலாக அவை தொகுக்கப்பட்டன. கூத்தைப் பழம்பெருமையாகக் காட்டாமல், இன்றைய நாடகத்துக்கான மூலமாக ஆராய்ந்த முன்னோடி நூல்களுள் அது ஒன்று. திரௌபதி அம்மன் வழிபாட்டைச் செஞ்சி வட்டாரத்தில் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைடலின் பெருநூலின் முதல் தொகுதி 1988இல்தான் வெளிவந்தது என்பதோடு ஒப்பிட்டால், இந்த முன்னோட்டத்தின் மதிப்பு தெரியும்.

பட்டறை

1977இல் நண்பர்களுடன் சேர்ந்து அவர் தொடங்கிய அமைப்பின் பெயர் ‘கூத்துப்பட்டறை’. பெயரில் சபாவும் இல்லை, கலாமன்றமும் இல்லை. பட்டறை என்றால் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் இடம். நடிகரின் குரலும் மூச்சும் தசையும் அங்கே காய்ச்சி அடிக்கப்பட்டன. புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற கூத்தாசிரியர்களிடம் நகரத்து இளைஞர்கள் அடவு கற்றார்கள். நடிப்பை முழுநேரப் பணியாகக் கொண்ட ஒரு குழுவைத் தமிழகத்தில் உருவாக்கிக் காட்டியது பட்டறையின் பெருஞ்சாதனை.

‘கட்டியக்காரன்’, ‘இங்கிலாந்து’, ‘பிரகலாத சரித்திரம்’, ‘தெனாலிராமன்’, ‘படுகளம்’ என்று அவருடைய நாடகங்கள் தொடர்ந்தன. தலைப்புகளைப் பார்த்தாலே அவர் சென்ற திசை தெரியும். கூத்தின் விதூஷகனும், கூத்தில் விரும்பி ஆடப்படும் பிரகலாதன் கதையும், பாரதத் திருவிழாவின் இறுதிநாளும் நவீன நாடகத்தின் பெயர்ப்பலகைக்கு வந்துவிட்டன. கூத்தை அப்படியே எடுத்து மேடையேற்றுவது எளிது. அது பெரும்பாலும் அலங்காரமாகவே முடியும். முத்துசாமி எடுத்துக்கொண்டது கூத்தின் சிந்திக்கும் முறையை. நகரத்து மனிதரின் குழப்பத்தையும் அச்சத்தையும் அந்த முறையில் அவர் பேசவைத்தார்.

1999இல் சங்கீத நாடக அகாடமி விருதும், 2012இல் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தன. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் எனப் பட்டறையில் உருவானவர்கள் திரையில் புகழ்பெற்றார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதும் பணியில் சேர்ந்து, நடிப்பை அருகிருந்து கற்றவர். 2018 அக்டோபர் 24 அன்று, 82ஆம் வயதில், முத்துசாமி சென்னையில் காலமானார்.

அயர்லாந்தில் நடந்தது

இந்த வாழ்க்கைக்கு இணையான ஒன்றை உலக நாடக வரலாற்றில் தேடினால் அயர்லாந்து கண்ணில் படும். பாரிஸில் இலக்கியம் பயின்றுகொண்டிருந்த ஜே.எம்.சிங் என்ற இளைஞரை 1896இல் சந்தித்த கவிஞர் யேட்ஸ், ஆரன் தீவுகளுக்குச் சென்று அங்குள்ள மக்களோடு வாழச் சொன்னார். 1898 முதல் பலமுறை அங்கே சென்று தங்கினார் சிங். மீனவர்களின் பேச்சையும் துக்கத்தையும் கேட்டார். 1904இல் மேடையேறிய ‘ரைடர்ஸ் டு தி ஸீ’ அதன் விளைவு. அதே ஆண்டு டப்ளினில் திறக்கப்பட்ட ஆபி அரங்கம் அயர்லாந்தின் தேசிய அரங்கமாக இன்றும் இயங்குகிறது. அதே நாட்டில் பிறந்து பாரிஸில் குடியேறிய சாமுவேல் பெக்கெட், 1953இல் மேடையேறிய ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ மூலம் அபத்த நாடகத்தின் அடையாளமானார்.

சிங் மண்ணுக்குத் திரும்பினார். பெக்கெட் மண்ணையும் மொழியையும் விட்டு விலகினார். முத்துசாமி இந்த இரண்டு பாதைகளிலும் நடந்தவர். பெக்கெட்டை நினைவூட்டும் நாடகங்களோடு தொடங்கி, சிங் தீவுக்குச் சென்றதுபோலப் புரிசைக்குச் சென்றார். அங்கே போனபின் முதல் பாதையைக் கைவிடவும் இல்லை. அயர்லாந்துக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. அவர்களுடைய நாடகாசிரியர்கள் பள்ளியில் படிக்கப்படுகிறார்கள். அரங்கில் மீண்டும் மீண்டும் நிகழ்த்தப்படுகிறார்கள். அங்கே நாடகாசிரியர் இறந்தபின்னும் நாடகம் வாழ்வதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது.

எஞ்சியிருக்கும் கடன்

முத்துசாமியின் நாடகங்கள்மீது வைக்கப்படும் விமர்சனங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவை படிக்கக் கடினமானவை. பார்வையாளர் தொகை எப்போதும் சிறியது. கிராமத்திலிருந்து பெற்ற கலை, நகரத்துச் சிறிய அரங்குகளில் தங்கிவிட்டது என்ற கேள்வியும் நியாயமானது. விடிய விடிய ஊரே பார்க்கும் கூத்திலிருந்து பிறந்த நாடகத்தை, அந்த ஊர் பார்க்கவில்லை என்பது ஒரு முரண்தான்.

ஆனால் கொடுக்கல் வாங்கல் ஒருவழியாக மட்டும் இருந்துவிடவில்லை. புரிசைக் குழுவினர் பிரெக்டின் நாடகத்தையும் கார்சியா மார்க்கேஸின் கதையையும் கூத்து வடிவில் ஆடினார்கள். கூத்துக் கலைஞர்கள் தங்கள் கலை எந்த நாட்டுக் கதையையும் தாங்கும் என்று உணர்ந்த காலம் அது. அந்த நம்பிக்கை பிறந்த சூழலில், மாணவராக அவர்கள் முன் அமர்ந்த எழுத்தாளருக்கும் பங்கு உண்டு.

2019 நவம்பர் 26 அன்று உதயமான கள்ளக்குறிச்சி மாவட்டம், தன் பண்பாட்டு முகத்தை இனிதான் வரைந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கூவாகம் ஆண்டுக்கொரு முறை புகைப்படமாக வந்துபோகிறது. பங்குனி தொடங்கி ஆடி வரை ஊர் ஊராக ஆடும் கூத்துக் கலைஞர்கள், மீதி மாதங்களில் கூலி வேலைக்குச் செல்வது யாருக்கும் செய்தியாவதில்லை. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் தரும் உதவி தேவையானதே. அதற்குமேல் அவர்களுக்குத் தேவைப்படுவது ஆசிரியர் என்ற தகுதி. கட்டை கட்டிய ஒரு கலைஞர் இந்த மாவட்டத்தின் பள்ளியிலும் கல்லூரியிலும் ஊதியம் பெற்று அடவு கற்பிக்கலாம். அந்த மாணவர்களே ‘நாற்காலிக்காரர்’ நாடகத்தை அதே வளாகத்தில் நிகழ்த்தலாம். படுகளம் நடக்கும் ஊரில் ‘படுகளம்’ நாடகத்தை ஒருமுறை ஆடிப் பார்க்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

தேர்ந்த எழுத்தாளராக அறியப்பட்ட பின்னர், நாற்பது வயதை நெருங்கும்போது, மேடை இல்லாத ஒரு கலைஞரிடம் பாடம் கேட்கப் போனார் முத்துசாமி. அவர் விட்டுச்சென்ற நாடகங்களைவிடவும் பெரிய சொத்து அந்தப் பணிவு. கூத்து நடக்கும் இரவில் நாம் எங்கே அமர்கிறோம் என்பதிலிருந்து அதைத் திரும்பச் செலுத்தத் தொடங்கலாம்.