377ஆம் பிரிவு எதிர்ப்பு: சென்னை
இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, 'இயற்கை நியதிக்கு மாறான' உடலுறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதித்தது. மெக்காலே தலைமையிலான ஆணையத்தின் வரைவிலிருந்து உருவான இச்சட்டம் 1860இல் இயற்றப்பட்டது. தன்பால் ஈர்ப்பாளர்களை நம் மரபின் பெயரால் குற்றம்சாட்டியவர்கள் கையிலெடுத்தது உண்மையில் ஆங்கிலேயர் எழுதிய சட்டத்தைத்தான். தண்டனைகள் அரிதாகவே விதிக்கப்பட்டன. ஆனால் மிரட்டிப் பணம் பறிக்கவும் காவல் நிலையத்தில் அச்சுறுத்தவும் அந்தப் பிரிவு போதுமானதாக இருந்தது.

தன்பால் ஈர்ப்பாளர் உரிமைக்கான சென்னையின் முதல் வானவில் பேரணி 2009 ஜூன் 28இல் மெரினாவில் நடந்தது. நான்கே நாளில், ஜூலை 2இல், டெல்லி உயர் நீதிமன்றம் வயது வந்தோரின் மனமொத்த தனிப்பட்ட உறவு குற்றமல்ல என்றது. 2013 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6இல் அதே நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, நவ்தேஜ் சிங் ஜோகர் வழக்கில், அத்தகைய உறவு குற்றமல்ல என்று பழைய தவறைத் திருத்தியது. 'ஓரினம்' போன்ற சென்னைக் குழுக்கள் இந்த இழுபறிக் காலத்தில் தமிழிலும் எழுதியும் பேசியும் வந்தன.

குற்றப்பெயர் நீங்கியும் தொல்லை நீங்கவில்லை. வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னை வந்த, ஒருவரையொருவர் நேசித்த இரு பெண்களின் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ், தன்பால் ஈர்ப்பைப் புரிந்துகொள்ளத் தாமே உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். நீதிமன்றங்களில் அபூர்வமான காட்சி. 2021 ஜூன் 7இன் அவரது உத்தரவு, பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளைத் தடைசெய்யப் பணித்தது. இச்சமூகத்தினரைக் குறிக்கும் கண்ணியமான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது.

இலங்கையில் இதேபோன்ற 365, 365அ பிரிவுகள் தொடர்கின்றன. சிங்கப்பூர் தன் 377அ பிரிவை 2022இல் நீக்கியது.