புகைபோக்கி: ஒரு சொல்லின் வரலாறு

மக்கள் ஒரு பொருளுக்கு இடும் பெயரில், அப்பொருளை அவர்கள் கண்ட விதமும் பொதிந்திருக்கும். அடுப்புப் புகை வெளியேறும் குழாயை அரபியர் 'மத்கனா' என்பர். புகையைக் குறிக்கும் 'துகான்' என்னும் சொல்லோடு உறவுடையது அது. திருக்குர்ஆனின் 44ஆம் அத்தியாயத்தின் பெயரும் அச்சொல்லே. பாரசீகர் 'தூத்கஷ்', அதாவது புகையை இழுப்பது, என்றனர். தமிழர் 'புகைபோக்கி' என்றனர். ஆங்கிலச் 'சிம்னி'யோ நம் இல்லங்களில் மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிக்கே பெயராகிவிட்டது.

நம் அடுப்பங்கரையில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பாத்திரத்தைத் தாங்குபவை குமிழ்கள். தாயடுப்பின் அனலைப் பகிர்ந்துகொள்வது கொடியடுப்பு. கூரையில் தொங்குவது ஒட்டறை. ஓட்டுக்கு மேல் புகை வெளியேற எழுப்புவது புகைக்கூண்டு. ஆயினும், அடுப்பிலிருந்து அக்கூண்டு வரை புகையை நடத்திச் செல்லும் குழாய் பெரும்பாலான வீடுகளில் இருந்ததில்லை. இடைவழி முழுதும் சமைப்பவரின் கண்ணும் நெஞ்சுமே புகையைத் தாங்கின.

உடுமலை வட்டாரத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலைகளைக் கண்டோர், கொப்பரை அடுப்பின் பின்னே புகைபோக்கி உயர்ந்து நிற்பதை அறிவர். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கொதிகலன்களுக்கும் அஃதுண்டு. தொழிலுக்குக் கிடைத்த வசதி தாய்மார்க்கு எட்டவில்லை.

இக்குறையைப் போக்க முயன்றோர் உண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியியல் அறிஞர் எஸ்.பி. ராஜு, புகையில்லாச் சமையலறை பற்றி எழுதிய நூல் 1953இல் சென்னையில் வெளியாயிற்று. மண்ணால் அமைத்த அடுப்பு, புகையைக் கடத்தும் வழி, கூரைக்கு மேல் செல்லும் குழாய் என்பதே அதன் அமைப்பு. 1983இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002 வரை நடத்தியது. பிற்காலத்தில் ஒடிசாவில் நடந்த ஆய்வொன்று, அத்தகைய அடுப்புகளைப் பல குடும்பங்கள் பழுதுபார்த்துப் பேணவில்லை என்றும், நாளடைவில் பயன்பாடு குறைந்தது என்றும் கண்டது.

இதில் வியப்பில்லை. குமிழ் உடைந்தால் அதன் பெயர் சொல்லிக் களிமண் பூசத் தெரிந்த இல்லத்தில், குழாயினுள் படியும் கரியைத் துடைக்கும் பழக்கம் இல்லை. வரத்தைத் தடுத்து விடும் தகட்டுக்கு வழக்குச் சொல்லும் இல்லை. பெயரறியாத உறுப்பை யார் பேணுவார்?

வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. எரிவாயு பரவிய இந்நாளிலும் விறகை நம்பும் வீடுகள் உள. அவ்வீடுகளில் 'புகைபோக்கி' என்னும் சொல் பொருளோடு வாழவேண்டும்.