சாட்சி சொன்ன சக்கரம் – 4: இருபத்தாறு

சென்ற வாரம், ஹூஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கிய இடத்தில் நிறுத்தியிருந்தேன். தேதி 2000 பிப்ரவரி 7. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பூட்டிய ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை ஓட்டத்திலேயே உரிந்து போகிறது, வண்டி உருள்கிறது, உள்ளே இருப்பவர்கள் சாகிறார்கள் என்று கே.எச்.ஓ.யு. நிலையத்தின் செய்தியாளர் அன்னா வெர்னர் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். எங்களுக்கும் இப்படி நடந்தது என்று சொல்லத்தான் அத்தனை பேரும் கூப்பிட்டார்கள்.

அவர்கள் ஏன் ஒரு தொலைக்காட்சி நிலையத்திடம் போய்ச் சொல்ல வேண்டும்? வண்டியை விற்றவரிடம் சொல்லவில்லையா? அரசாங்கத்திடம் சொல்லவில்லையா? சொன்னார்கள். யாரிடம் சொன்னார்கள், சொன்னது எங்கே போய்ப் படுத்தது என்பதுதான் இந்த வாரக் கதை. அதற்குப் பதினோரு வருடம் பின்னால் போக வேண்டும்.

1989. எக்ஸ்ப்ளோரர் இன்னும் சந்தைக்கு வரவில்லை. ஃபோர்டின் ரேஞ்சர் என்ற சரக்கு வண்டியின் அடிச்சட்டத்தின் மேல் ஒரு குடும்பமே உட்காரும் கூண்டை ஏற்றி, உயரமாக, அகலமான கதவுகளோடு ஒரு வண்டி தயாராகிக்கொண்டிருந்தது. சட்டத்தின் கண்ணில் அது இலகு ரக டிரக். வாங்கப்போகிறவர்கள் கண்ணிலோ, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மளிகை வாங்கி வரும் வீட்டு வண்டி. இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் இருந்த இடைவெளியை மறந்துவிடாதீர்கள். தொடர் முழுக்க அது நம்மோடு வரும்.

வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி வளைவில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாரம் மேலே இருக்கிறது, சக்கரங்கள் நெருக்கமாக இருக்கின்றன, திடீரென்று திருப்பினால் ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. சோதனைத் திடலில் எக்ஸ்ப்ளோரரின் மாதிரி வண்டிகளும் அப்படித்தான் எழும்பின. பொறியாளர்கள் வழிகளைப் பட்டியலிட்டார்கள்: சக்கரங்களை அகலப்படுத்தலாம், எஞ்சினைக் கீழே இறக்கலாம், ஸ்பிரிங்கை மாற்றலாம், டயரில் காற்றைக் குறைக்கலாம். முதல் இரண்டுக்கும் வண்டியை மறுபடி வரைய வேண்டும், விற்பனைக்கு வரும் நாள் தள்ளிப்போகும். ஃபோர்டு பின் இரண்டையும் எடுத்துக்கொண்டது.

அப்படி வந்த எண்தான் 26. சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு காற்று. இறுக்கமான டயர் சாலையைக் கெட்டியாகப் பிடித்து வண்டியைக் கவிழ்க்கும், தளர்ந்த டயர் வழுக்கிக் கொடுக்கும் என்பது கணக்கு. பயணம் மென்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான் 26 வைத்தோம் என்று ஃபோர்டு பிற்பாடு சொன்னது. டயர் செய்தவர்களும் அன்று அந்த எண்ணுக்கு ஒப்புக்கொண்டார்கள். 1990 மார்ச்சில் வண்டி கடைக்கு வந்தது. சில வருடங்களில் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் எஸ்.யு.வி. அதுதான் என்றானது.

காற்று குறைந்த டயர் என்ன செய்யும்? ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டுச் சுவர் கூடுதலாக மடங்கி நிமிரும். மடங்கி நிமிரும் ரப்பர் சூடாகும். 26 என்று ஆரம்பித்தால், கவனிக்காமல் விட்ட சில வாரங்களில் அது 22 ஆகவோ 20 ஆகவோ இறங்கியிருக்கும். அதன் மேல் டெக்சஸ் வெயில், ஐந்து பேர், பின்னால் பெட்டி படுக்கை, மணிக்கு 70 மைல்.

டயருக்குள்ளே என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரேடியல் டயரின் மேல்பட்டைக்கு அடியில் எஃகுக் கம்பி வேய்ந்த இரண்டு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். இரண்டையும் பிடித்துவைத்திருப்பது நடுவில் இருக்கும் ரப்பர்தான். அடுக்குகளின் ஓரத்தில் ஆப்புபோல ஒரு சிறு ரப்பர்த் துண்டு வரும். ஃபயர்ஸ்டோனின் டயர்களில் விரிசல் தொடங்கியது அந்த ஓரத்தில். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. விரிசல் உள்ளுக்குள்ளேயே சுற்றி வளர்ந்து, ஒருநாள் மேல் அடுக்கும் பட்டையும் சேர்ந்து, கரும்பிலிருந்து சோகை உரிவதுபோல உரிந்து வந்துவிடும். டயர் வெடிப்பது வேறு, இது வேறு. பட்டை போன பிறகும் டயருக்குள் காற்று நிற்கக்கூடும். அநேகமாகப் பின் சக்கரத்தில்தான் இது நடந்தது. பின்பக்கம் பிடிமானம் போனதும் ஓட்டுபவர் பதறி ஸ்டீயரிங்கைத் திருப்புவார். வண்டி குறுக்கே சறுக்கும். உயரமான வண்டி குறுக்கே சறுக்கினால் அடுத்தது உருளல்தான்.

டயர் குற்றமா, வண்டி குற்றமா? இதே எக்ஸ்ப்ளோரர்களில் லட்சக்கணக்கான குட்இயர் டயர்களும் பூட்டப்பட்டன. அதே 26தான். அவை இப்படி உரியவில்லை என்று ஃபோர்டு சுட்டிக்காட்டியது. ஃபயர்ஸ்டோனோ, பட்டை உரிந்தால் மற்ற வண்டிகள் ஓரமாக நிற்கின்றன, இது மட்டும் ஏன் கவிழ்கிறது என்று திருப்பிக் கேட்டது. இரண்டு கேள்வியும் நியாயமான கேள்வி. ஆளுக்கு ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு மற்றவர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்ததுதான் அநியாயம். என் தீர்ப்பு இதுதான்: பலவீனமான டயரை, மன்னிக்கத் தெரியாத வண்டியில், இடம் கொடுக்காத ஒரு எண்ணில் பூட்டினார்கள். மூன்றில் ஒன்றைச் சரி செய்திருந்தாலும் பல வீடுகளில் விளக்கு அணைந்திருக்காது.

உரிந்த டயர்களில் பல இல்லினாய் மாநிலத்தின் டீகேட்டர் ஆலையில் வார்த்தவை. 1994 ஜூலையில் அங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும், வெளியிலிருந்து புது ஆட்களை வைத்து ஆலையை ஓட்டியதும் தனிக் கதை. அதற்கு ஒரு வாரம் முழுதாகத் தருகிறேன்.

இப்போது, மக்கள் சொன்னதெல்லாம் போய்ப் படுத்த இழுப்பறைகளுக்கு வருவோம்.

முதல் இழுப்பறை அரிசோனாவில். 1996-லேயே அந்தப் பாலைவன மாநிலத்தின் அரசு அலுவலகங்கள் தங்கள் எக்ஸ்ப்ளோரர்களின் டயர் உரிவதாக முறையிட்டன. ஃபயர்ஸ்டோன் ஆட்கள் பார்த்துவிட்டு, காற்றுக் குறைவாக வைத்து முரட்டுத்தனமாக ஓட்டியிருக்கிறீர்கள் என்று முடித்தார்கள்.

இரண்டாவது, வழக்கறிஞர்களிடம். இறந்தவர்கள் குடும்பத்துக்காக வழக்குப் போட்ட சிலர், இது தனித்தனி விபத்தல்ல என்பதை 1996-லேயே கண்டுகொண்டார்கள். அரசிடம் போய், அரசு சரியாக விசாரிக்காமல் கோப்பை மூடிவிட்டால் தங்கள் வழக்கு வீணாகுமே என்று வாயைத் திறக்கவில்லை. நிறுவனமோ பணம் கொடுத்துச் சமரசம் செய்து, ஆவணங்களை வெளியே காட்டக் கூடாது என்று நீதிமன்றத்தில் பூட்டுப் போட்டுக்கொண்டது. பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்றவர்களே அடுத்துப் பாதிக்கப்படப் போகிறவரை நினைக்காமல் போனது இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம்.

மூன்றாவது, ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தில். சாம் பாய்டன் அங்கே ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தவர். இழப்பீடு கேட்டு வரும் தாள்களைப் புரட்டுவதுதான் அவர் வேலை. ஒரே டயர், ஒரே விதமான உரிதல் என்று மொத்தம் 21 சம்பவங்களை அவர் எடுத்துக் கோத்தார். 1998 ஜூலையில், அமெரிக்க அரசின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மறுபடியும் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தார். விசாரணை எதுவும் தொடங்கவில்லை. ஹூஸ்டன் ஒளிபரப்புக்கு ஒன்றரை வருடம் முன்பே இந்தச் செய்தி அரசின் மேசையில் இருந்தது!

நான்காவது, ஃபயர்ஸ்டோனுக்குள்ளேயே. டயர் உரிந்து வண்டி கெட்டது, பணம் கொடு என்று உரிமையாளர்கள் எழுதிய கோரிக்கைகள் அங்கே குவிந்தன. பணம் கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது என்று கணக்குப் பார்த்தார்கள். எத்தனை பேர், எந்த ஆலை டயர், எந்த வருடம் என்று சேர்த்துப் பார்க்கவில்லை. வண்டியின் மற்ற பாகத்துக்கெல்லாம் உத்தரவாதம் கொடுத்த ஃபோர்டு, டயருக்கு மட்டும் கொடுத்ததில்லை. அதை டயர் நிறுவனமே பார்த்துக்கொள்வது அந்தத் தொழிலின் வழக்கம். ஆகவே கெட்டுப்போன டயரின் கணக்கு மட்டும் ஃபோர்டுக்கு வராது.

ஐந்தாவது இழுப்பறை கடலுக்கு அப்பால். சவூதி அரேபியாவிலும் பக்கத்து வளைகுடா நாடுகளிலும் இதே உரிதல். 1999 ஆகஸ்டில் ஃபோர்டு அங்கே டயர்களை இலவசமாக மாற்றிக் கொடுக்கத் தொடங்கியது. பிறகு மலேசியா, தாய்லாந்து. 2000 மே மாதம் வெனிசுவேலா. எங்கேயும் ரீகால் என்ற சொல்லை அது வாயில் எடுக்கவில்லை. வெளிநாட்டில் செய்வதை அமெரிக்க அரசுக்குச் சொல்ல வேண்டும் என்று அன்று சட்டமும் இல்லை. ரியாத்தில் ஒருவர் புது டயரோடு வீடு திரும்பிய அதே நாளில், ஹூஸ்டனில் ஒருவர் பழைய டயரோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

ஐந்து இழுப்பறைகளையும் ஒரே மேசையில் கொட்டிப் பார்க்க ஒருவரும் இல்லாத நேரத்தில்தான் அந்தத் தொலைபேசி அடித்தது. கூப்பிட்டவர்களிடம் நிலையத்தார், பாதுகாப்பு நிர்வாகத்தின் இலவச எண்ணைக் கொடுத்தார்கள். ஃபயர்ஸ்டோன் அந்த வாரமே ஒளிபரப்பைக் கண்டித்து நிலையத்துக்குக் கடிதம் எழுதியது. அதற்குள் புகார்கள் வாஷிங்டன் பக்கம் திரும்பிவிட்டன.

மே 2-ஆம் தேதி பாதுகாப்பு நிர்வாகம் விசாரணையைத் திறந்தபோது கையில் இருந்தது 90 புகார், 33 விபத்து, 4 மரணம். ஆகஸ்ட் முதல் வாரம் முடிவதற்குள் மரணக் கணக்கு 46. அந்த மூன்று மாதத்தில் டயர் புதிதாகக் கெட்டுப்போகவில்லை. வருடக்கணக்கில் சொல்லாமல் வைத்திருந்ததையும், சொல்லியும் யாரும் கேட்காததையும் மக்கள் இப்போது ஒரே இடத்தில் சொன்னார்கள், அவ்வளவுதான். ஜூலைக் கடைசியில் ஃபயர்ஸ்டோனின் கோரிக்கைத் தரவு ஃபோர்டின் கைக்கு வந்ததும், சில நாட்களிலேயே டீகேட்டர் ஆலையின் பெயர் தாளில் தனியாக எழுந்து நின்றது. வருடக்கணக்கில் யாரும் போடாத கூட்டலைப் போட அவ்வளவு நாள்தான் பிடித்தது. சியர்ஸ் கடைகள் ரீகாலுக்குக் காத்திராமல் அந்த டயர் விற்பதை நிறுத்திவிட்டன.

2000 ஆகஸ்ட் 9. ஃபயர்ஸ்டோன் ரீகால் அறிவித்தது. செய்து விற்றது 1 கோடியே 44 லட்சம் டயர், சாலையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தவை சுமார் 65 லட்சம். அத்தனைக்கும் மாற்று டயர் கையில் இல்லை. வெயில் அதிகமான அரிசோனா, கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, டெக்சஸ் முதலில், மற்றவர்கள் பிறகு என்றார்கள். குளிர்ந்த மாநிலத்தில் இருப்பவர்கள் அடுத்த வருடம்வரை அதே டயரில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும் என்று அதற்கு அர்த்தம். கொதித்தார்கள். ஜப்பானிலிருந்து விமானத்தில் டயர் வந்து இறங்கியது. ஃபோர்டு தன் மூன்று ஆலைகளைச் சில வாரம் மூடி, புது வண்டிக்கு வைத்திருந்த சுமார் 70,000 டயர்களை மாற்றுக்குக் கொடுத்தது.

ஹென்றி ஃபோர்டும் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் கூடாரம் அடித்து ஊர் சுற்றிய நட்பை இரண்டாம் வாரத்தில் எழுதியிருந்தேன். அவர்கள் இருவரும் மறைந்த பிறகு, 1947-இல் ஃபோர்டின் பேரனும் ஃபயர்ஸ்டோனின் பேத்தியும் மணந்துகொண்டு இரண்டு குடும்பங்களையும் சம்பந்தியாக்கினார்கள். அந்தத் தம்பதியின் மகன் பில் ஃபோர்டு, 1999 ஜனவரி முதல் ஃபோர்டு நிறுவனத்தின் தலைவர். இந்தச் சண்டையின் இரண்டு பக்கமும் அவருக்குக் கொள்ளுத் தாத்தாவின் பெயர்.

செப்டம்பர் 6-ஆம் தேதிக்கு நாடாளுமன்றக் குழு இரண்டு நிறுவனங்களையும் வாஷிங்டனுக்கு வரச்சொன்னது. ஃபோர்டு சார்பில் ஜாக் நாசர், ஃபயர்ஸ்டோன் சார்பில் மசாதோஷி ஓனோ. அதற்கு முன்னதாகவே இரு நிறுவனங்களின் கோப்புகளும் குழுவின் கைக்குப் போயிருந்தன. அவற்றில் ஃபோர்டுக்குள் சுற்றிய ஒரு குறிப்பு இருந்தது. சவூதி உரிமையாளர்களுக்குத் தகவல் சொல்லி டயரை மாற்றிக்கொள்ளச் சொல்வதில் ஃபயர்ஸ்டோனின் சட்டப் பிரிவுக்குத் தயக்கம் இருக்கிறது என்றது அது. காரணமும் எழுதியிருந்தது: அதே டயர் அமெரிக்காவிலும் விற்கிறது. அங்கே சொன்னால் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்கும் சொல்ல வேண்டி வரும்.

குறிப்பில் இருந்த தேதி 1999 மார்ச் 12. ரீகாலுக்கு ஏறக்குறைய பதினேழு மாதம் முன்பு.

(தொடரும்)