மலையேறிய இரண்டு கேள்விக்காரர்கள்

கிரிவலம் வருகிறவர்கள் கையில் ‘நான் யார்?’ என்ற சின்னப் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். ரமண மகரிஷியின் புத்தகம் என்போம். சரிதான். ஆனால் அது பிறக்கக் காரணமான ரெவின்யூ உத்தியோகஸ்தரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1902-ஆம் வருஷம். திருவண்ணாமலை அப்போது தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. கலெக்டர் ஆபீஸ் கடலூரில். (தனி மாவட்டமானது 1989-இல்தான்.) அங்கே ரெவின்யூ இலாகாவில் இருந்த சிவப்பிரகாசம் பிள்ளை ஆபீஸ் வேலையாக இங்கே வந்தார். மலைமேல் விரூபாக்ஷ குகையில் ஓர் இளம் சாமி இருப்பதாகக் கேள்விப்பட்டு ஏறிப் போனார். சாமிக்கு வயது 22. பேசுவது கிடையாது.

நாமாக இருந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கியிருப்போம். பிள்ளை தத்துவம் படித்த பட்டதாரி; எதிரே இருந்தவரோ பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். “இவரிடம் போய்க் கேட்பதா?” என்று பிள்ளை தயங்கவில்லை. நான் யார் என்றே கேட்டார். சாமி எழுதிக் காட்டினார். பதில் வந்ததும் தலையாட்டிவிடாமல், அப்படியானால் இது எப்படி என்று அடுத்ததைக் கேட்டார். 1923-இல் அந்தக் கேள்வி பதில்கள் அச்சேறின.

பிள்ளைக்கு முன்பே, 1900 வாக்கில், நம்மூர் முனிசிபல் ஓவர்சியர் கம்பீரம் சேஷய்யரும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். யோகப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்து, புரியாததைக் கேட்பார். சாமி துண்டுக் காகிதங்களில் எழுதித் தருவார். பிற்பாடு அந்தக் குறிப்புகளிலிருந்து வந்ததுதான் ‘விசார சங்கிரகம்’. ரோடும் சாக்கடையும் பார்க்கிற ஓவர்சியருக்கு இதெல்லாம் எதற்கு என்று அன்று யாராவது சிரித்துக்கூட இருக்கலாம்!

வகுப்பில் சந்தேகம் வந்தும் “கேட்டா சார் என்ன நினைப்பாரோ” என்று வாயை மூடிக்கொண்ட கூட்டம்தானே நாம்? இப்போது படிக்கிற தம்பி தங்கைகளும் அப்படித்தானா, தெரியவில்லை.

இன்னொரு விஷயம். பின்னாளில் மகரிஷியே ‘நான் யார்?’ நூலைக் கட்டுரையாகவும் எழுதினார். அதில் பிள்ளையின் கேள்விகள் வரிசையாக வருவதில்லை. பதில்கள் ஒரே ஓட்டமாகப் போகின்றன. படிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் எனக்குப் பிடித்தது கேள்விகளோடு இருக்கிற 28 கேள்விப் பதிப்புதான். பிள்ளை எந்த இடத்தில் திருப்தி அடையாமல் மறுபடி கேட்டார் என்பது அதில்தான் தெரிகிறது.