ஏழாம் வாய்ப்பாட்டின் மொத்தம் 385

போனக்காடு என்றால் யூடியூப் பார்ப்பவர்களுக்குப் பேய் பங்களாதான் ஞாபகம் வரும். எனக்கு வருவது தாத்தாவின் கணக்கு. அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவர் கணக்கப்பிள்ளை. நிறுத்த கொழுந்தைக் கூலியால் பெருக்கிப் பேரேட்டில் ஏற்றுவார், எல்லாம் மனக்கணக்குதான். திருநெல்வேலிப் பக்கம் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்தவர்.

எண்சுவடி முழு எண்களோடு நிற்காது. கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16), காணி (1/80), முந்திரி (1/320) என்று பின்னங்களையும் பெருக்கும். நிலம் அளக்க, குழிமாற்று என்று வர்க்கங்களுக்குத் தனி வாய்ப்பாடு.

என்னை அசத்தியது வேறொன்று. ஒவ்வொரு வாய்ப்பாட்டின் கடைசியிலும் விடைகளைக் கூட்டி வரும் மொத்தத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்வார்கள். ஒன்று முதல் பத்து வரை ஏழாம் வாய்ப்பாட்டைக் கூட்டினால் 385. நடுவில் 56க்குப் பதில் 54 சொல்லியிருந்தால் மொத்தம் இரண்டு குறையும். சாயங்காலம் வங்கியில் நாங்கள் 'டேலி' பார்க்கிறோமே, அதேதான்!

ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பது சட்டாம்பிள்ளை. இப்படி மாணவனே மாணவனுக்குச் சொல்லித்தருவதைச் சென்னையில் பார்த்து, எழும்பூர் அனாதை விடுதியில் நடத்திய ஆண்ட்ரூ பெல், 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்தில் பரவியது அதுதான். (பெயராவது நம்முடையதாக மிஞ்சியது.)

நிற்க. இங்கே துபாயில் மகளுக்காகப் பெருக்கல் விளையாட்டுகள் ஆறேழை ஆடிப் பார்த்தேன். 1983இல் ஆப்பிள் 2 கணினிக்கு 'மேத் பிளாஸ்டர்' வந்த காலத்திலிருந்தே இந்த வியாபாரம் உண்டு. நான் பார்த்தவற்றில் நாணயம் கொட்டுகிறது, கடிகாரம் விரட்டுகிறது. 7×8க்கு 54 என்று அடித்தால் சிவப்பு விளக்கு எரியும், அடுத்த கேள்வி வந்துவிடும். தப்பைத் தானே கண்டுபிடிக்கப் பிள்ளைக்கு வழியே இல்லை. வேகத்துக்குத்தான் மதிப்பெண். இரண்டில் மட்டும் ஏழேழாக எட்டு வரிசை புள்ளி வைத்து எண்ண விடுகிறார்கள். அந்த இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டேன்.

காசே இல்லாமல் வேண்டுமென்றால் பல்லாங்குழி இருக்கிறது. ஒரு பக்கம் ஏழு குழி. வழக்கமாகக் குழிக்கு ஐந்தோ ஆறோ போடுவார்கள். எட்டு போட்டால் ஒரு பக்கத்துக்கு 56, இரண்டு பக்கமும் 112. ஆட்டம் முடிந்து கையில் இருப்பதையும் குழியில் கிடப்பதையும் கூட்டினால் அதே 112 வர வேண்டும். ஒன்று குறைந்தால் சோபாவுக்கு அடியில் தேட வேண்டியதுதான் :-)