கேஷ் பிழைச் செய்திகள் (சொந்த வலைத்தளங்கள்)

கேஷ் பிழைச் செய்திகள் என்பவை, வலைப்பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைத்து விரைவாக வழங்கும் ஏற்பாடு பழுதாகும்போது திரையிலோ சர்வரின் பிழைப்பதிவிலோ தோன்றும் அறிவிப்புகள். நிறுவனங்களின் தளங்களில் இதைக் கவனிக்கத் தனி ஆள் இருப்பார். வாடகை சர்வரில் வேர்ட்பிரஸ் நிறுவித் தனியாளாகத் தளம் நடத்துபவர் இதைத் தாமே கவனிக்க வேண்டும். செய்தி காட்டும் பழுதைவிட, எதுவும் சொல்லாமல் பழைய பக்கத்தையே வழங்கிக்கொண்டிருக்கும் பழுதுதான் பெரிய தீங்கு செய்கிறது.

வரலாறு

கேஷின் மூலக்கருத்தைத் தந்தவர் கேம்பிரிட்ஜ் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ். பெரிய, மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சிறிய, வேகமான நினைவகத்தை வைக்கும் முறையை 1965இல் வெளியான இரண்டு பக்கக் கட்டுரையில் அவர் விளக்கினார். ஐபிஎம் 1968இல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையின் 85ஆம் மாடல் அதை வணிகக் கணினிக்குள் கொண்டுவந்தது. வலைக்கு இந்த முறை 1994இல் வந்தது. செர்ன் ஆய்வுக்கூடத்தின் ப்ராக்ஸி சர்வர், ஒருவர் கேட்ட பக்கத்தைச் சேமித்து, அடுத்துக் கேட்டவருக்கு அந்த நகலையே கொடுத்தது. 1996இல் ஸ்க்விட் என்ற கேஷ் ப்ராக்ஸி மென்பொருள் வெளியானது. 1997 ஜனவரியில் வந்த எச்டிடிபி 1.1 வரையறை, ஒரு நகல் எத்தனை வினாடிகள் செல்லுபடியாகும் என்பதை அறிவிக்கும் 'கேஷ்-கன்ட்ரோல்' என்ற தலைப்பை (ஹெடர்) சேர்த்தது.

லைவ்ஜர்னல் வலைப்பதிவுத் தளத்தின் சுமையைக் குறைக்க, தரவுத்தள விடைகளை நினைவகத்தில் வைக்கும் மெம்கேஷ்டு மென்பொருளை பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2003 மே மாதம் எழுதினார். அதே மாதம் 27ஆம் தேதி வேர்ட்பிரஸின் முதல் பதிப்பு வெளிவந்தது. 2007இல் டபிள்யூபி சூப்பர் கேஷ், 2009இல் டபிள்யூ3 டோட்டல் கேஷ் ஆகிய செருகுநிரல்கள் வந்தபின், நிரல் அறியாதவரும் ஒரு பொத்தானில் கேஷை இயக்க முடிந்தது. தரவை நினைவகத்தில் வைக்கும் ரெடிஸ் வந்ததும் 2009இல்தான்.

தமிழகத்தில் கேஷின் தேவை கடலடிக் கேபிள்களோடு சேர்ந்தது. சென்னையைச் சிங்கப்பூரோடு இணைத்த ஐ2ஐ கேபிள் 2002இல் வந்தது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்தியா முழுவதும் இணையம் திணறியது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலுக்குப் பிறகும் இணைய வேகம் சரிந்தது. அத்தகைய நாட்களில், தொலைதூர சர்வரைத் தேடிப் போகாமல் அருகிலுள்ள நகலே வாசகருக்குப் பக்கத்தைத் தந்துவிடும்.

அடுக்குகள்

ஒரு பக்கம் வாசகரை அடையும் வழியில் ஐந்து இடங்களில் நகல் தங்கலாம்: பிஎச்பி நிரலைத் தொகுத்து வைக்கும் ஓபிகேஷ், தரவுத்தள விடைகளை வைக்கும் ஆப்ஜெக்ட் கேஷ், முழுப் பக்கத்தை வைக்கும் பேஜ் கேஷ், வாசகருக்கு அருகிலுள்ள சர்வர்களில் நகல் வைக்கும் கிளவுட்ஃபிளேர் போன்ற சிடிஎன், வாசகரின் பிரவுசர். வாசகர் சில நூறு பேராக உள்ள சிறு தளத்துக்கு பேஜ் கேஷ் ஒன்றே போதும்.

வழக்கமான செய்திகளும் தீர்வுகளும்

கோப்பு காணவில்லை: செருகுநிரலை முறையாக நீக்காமல் அதன் ஃபோல்டரை மட்டும் அழித்தால், 'டபிள்யூபி-கன்டென்ட்' ஃபோல்டரில் அது வைத்த 'அட்வான்ஸ்டு-கேஷ்' கோப்பு தங்கிவிடும். இல்லாத நிரலை அது அழைப்பதால் எச்சரிக்கையோ வெற்றுத்திரையோ வரும். அந்தக் கோப்பை அழித்து, 'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்பில் கேஷை இயக்கும் வரியை நீக்கினால் தளம் திரும்பும்.

எழுத அனுமதி இல்லை: கேஷ் ஃபோல்டர் வேறொரு பயனரின் பெயரில் இருக்கும். உரிமையாளரைச் சரிசெய்து, ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644 என அனுமதி தர வேண்டும். 777 கொடுப்பது சர்வரில் உள்ள எவரும் எழுதத் திறந்துவிடுவதாகும்.

ரெடிஸ் இணைப்பு கிடைக்கவில்லை: சேவை நின்றிருக்கும், அல்லது 6379 என்ற போர்ட் அடைபட்டிருக்கும். ஒதுக்கிய நினைவகம் நிரம்பினாலும், பழையதை வெளியேற்றும் கொள்கை அமைக்கப்படாத ரெடிஸ் புதிய பதிவை மறுக்கும். 'ஆப்ஜெக்ட்-கேஷ்' கோப்பின் பெயரை மாற்றினால் தளம் ரெடிஸ் இல்லாமலே இயங்கும். காரணத்தைப் பிறகு நிதானமாகத் தேடலாம்.

இடம் இல்லை: வட்டில் பல ஜிபி காலியாக இருக்கும்போதும் இச்செய்தி வரும். கேஷ் உண்டாக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள், சர்வரில் அனுமதிக்கப்பட்ட கோப்பு எண்ணிக்கையை எட்டிவிடுவதே காரணம்.

தலைப்புகள் முன்பே அனுப்பப்பட்டன: தமிழில் எழுதுவோர் இதைச் சந்திப்பதுண்டு. கான்ஃபிக் கோப்பை விண்டோஸ் நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால், பழைய பதிப்புகள் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளைச் சேர்த்துவிடும். அவை முதலில் வெளியேறிவிடுவதால் கேஷ் தலைப்புகளும் குக்கிகளும் போகாது. அந்த மூன்று பைட்டுகள் இல்லாமல் சேமிப்பதே தீர்வு. 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் நோட்பேட் இதை இயல்பாகச் செய்கிறது.

தமிழ் முகவரிகள்

யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டுகள். முகவரியில் அது ஒன்பது எழுத்துகளாக விரியும். வேர்ட்பிரஸ் ஓர் இடுகையின் முகவரிப் பகுதிக்கு 200 எழுத்துகளே ஒதுக்குவதால், தமிழ்த் தலைப்பு 22 குறியீடுகளோடு வெட்டுப்படும். மேலும், வேர்ட்பிரஸ் இந்த விரிவைச் சிறிய ஆங்கில எழுத்தில் எழுதுகிறது, பிரவுசர்கள் பெரிய எழுத்தில் எழுதுகின்றன. இரண்டும் ஒன்றே என்பது விதி. அதைக் கவனிக்காத கேஷ், ஒரே பக்கத்துக்கு இரண்டு நகல்களை வைத்து, ஒன்றை மட்டும் புதுப்பிக்கும்.

செய்தி தராத பழுது

தளத்துக்குள் லாகின் செய்தவருக்குப் பெரும்பாலான செருகுநிரல்கள் கேஷைத் தவிர்த்துப் புதிய பக்கத்தையே காட்டும். அதனால் நடத்துபவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். வாசகருக்கு மட்டும் நேற்றைய பக்கம் போகும். இதன் ஆபத்து அவசர வேளையில் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வடசென்னையின் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர் உரத்தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். அப்படிப்பட்ட இரவில் திருவொற்றியூரிலோ இராயபுரத்திலோ உள்ள ஒருவர் உள்ளூர்த் தளத்தைத் திறந்து, மாலையில் உறைந்த பக்கத்தைப் பார்த்தால், எந்தத் திசையில் போவது என்பதையே தவறாக முடிவு செய்வார். உள்ளூர்ச் செய்தி தரும் தளம் முகப்புப் பக்கத்தின் ஆயுளைச் சில நிமிடங்களுக்கு மேல் வைக்கக் கூடாது.

சோதிக்க, லாகின் செய்யாத இன்காக்னிட்டோ சாளரத்தில் பக்கத்தைத் திறந்து, எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் 'ஏஜ்' தலைப்பைப் பார்க்க வேண்டும். சிடிஎன் வைத்திருக்கும் நகல் எத்தனை வினாடி பழையது என்பதை அது சொல்லும். கேஷை உள்ளிருந்து வெளியே என்ற வரிசையில் கிளியர் செய்ய வேண்டும்: ஆப்ஜெக்ட் கேஷ், பேஜ் கேஷ், சிடிஎன், கடைசியாகப் பிரவுசர். சிடிஎன்னை முதலில் கிளியர் செய்தால், சர்வரில் கிடக்கும் பழைய பக்கத்தையே அது மறுபடி எடுத்து வைத்துக்கொள்ளும்.

இன்றைய நிலை

2022 நவம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 6.1 முதல், தள நலப் பக்கமே பேஜ் கேஷ் இயங்குகிறதா என்று சோதித்துச் சொல்கிறது.